ஐந்தாவது ஆள்: அறிவு வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களும் அவர்களுக்கான சட்டங்களும்

2008-ஆம் ஆண்டு தை மாதம். கல்கத்தா லேக் மார்க்கெட் பக்கத்தில் எங்கள் வீட்டுக் கூடம். அம்மாவின் காரியங்கள் முடிந்த மறுநாள். நாக்பூரிலிருந்து வந்திருந்த அக்கா, சென்னையிலிருந்து வந்திருந்த தங்கை, நான், என் மனைவி ஆகிய நால்வரும் உட்கார்ந்து பேசினோம். தம்பியை இனி யார் வைத்துக்கொள்வது என்பதுதான் பேச்சு.

தம்பிக்கு அப்போது 43 வயது. பிறந்தவுடன் அவன் அழவில்லை; மூளைக்குப் பிராணவாயு போவது தாமதமாகிவிட்டது என்று பின்னாளில் டாக்டர்கள் சொன்னார்கள். 'புத்தி வளர்ச்சி கம்மி' என்பது எங்கள் வீட்டு வழக்கு. அன்று அவனும் அதே கூடத்தில்தான் இருந்தான். காபி டம்ளர்களைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தான்.

"மெட்ராஸ்தான் சரி. நம்ம ஊரு, நம்ம பாஷை. அங்கேதான் அவனுக்கு நல்லது" என்று முடித்துவைத்தவன் நான். நால்வர் பேசினோம், நால்வர் முடிவெடுத்தோம். ஐந்தாவதாக ஒருவன் அங்கே இருக்கிறான், பேச்சே அவனைப் பற்றித்தான் என்பது ஒருவருக்கும் தோன்றவில்லை.

நான்கு மாதம் கழித்துத் தங்கையிடமிருந்து போன். "அண்ணா, இவன் சரியாவே சாப்பிட மாட்டேங்கிறான். தினம் காலைல செருப்பைப் போட்டுக்கிட்டு வாசல்ல நிக்கிறான். எங்கடா போறேன்னு கேட்டா, பால் வாங்கப் போறேங்கிறான்." எனக்குச் சுருக்கென்றது. கல்கத்தாவில் இருபது வருஷமாகக் காலைப் பால் அவன் பொறுப்பு. பால் பூத், அம்மாவின் பூஜைக்குப் பூக்கடை, டிராம் போவதைக் கொஞ்ச நேரம் பார்ப்பது, வீடு. அந்தத் தெருவில் அவனைத் தெரியாதவர் கிடையாது. ரயிலேறிப் போய், அவன் எதிரே உட்கார்ந்து கேட்டேன்: "உனக்கு எங்கேடா இருக்கணும்?" அவன் கொஞ்ச நேரம் யோசித்தான். "லேக் மார்க்கெட்" என்றான்.

நாற்பத்து மூன்று வருஷத்தில் அவனிடம் அப்படி ஒரு கேள்வியை யாரும் கேட்டதில்லை. சொந்த ஊர் எது என்பதில் வெளிமாநிலத் தமிழர்களான நமக்கெல்லாம் எப்போதுமே ஒரு குழப்பம் உண்டு. அவனுக்கு இல்லை.

நான் வரலாற்று ஆசிரியன் அல்லன். ரயில்வேயில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன். அந்த ஒரு கேள்விக்குப் பிறகுதான் இவர்களுக்கென்று வந்த சட்டங்களைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். எங்கள் கூடத்தில் நடந்ததேதான் சட்டம் இயற்றும் மன்றங்களிலும் நூறு வருஷமாக நடந்து வந்திருக்கிறது என்று தெரிந்தது. அந்தக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

பெயர் வைத்தவர்கள்

புறநானூற்றின் 28-ஆம் பாடலில் உறையூர் முதுகண்ணன் சாத்தனார், சோழன் நலங்கிள்ளிக்கு அறம் சொல்லுமுன், குறையோடு பிறக்கும் பிறவிகளை எட்டு வகையாக எண்ணிக் காட்டுகிறார். அறிவு மயங்கியவர்களும் அந்த எண்ணிக்கையில் உண்டு. அன்று தொடங்கி இவர்களைப் பெயரிட்டவர்களும் வகைப்படுத்தியவர்களும் எப்போதும் பிறர்தான்.

வெள்ளையர் ஆட்சியில் வந்த 1912-ஆம் ஆண்டு இந்திய லூனசி சட்டம், 'லூனடிக்' என்ற சொல்லுக்கு 'இடியட் அல்லது சித்த சுவாதீனம் அற்றவர்' என்று விளக்கம் தந்தது. மனநோய் வேறு, பிறவியிலேயே அறிவு வளர்ச்சி மெதுவாக இருப்பது வேறு. முதலாவது எந்த வயதிலும் வரலாம், மருந்துக்குக் கட்டுப்படலாம். இரண்டாவது நோயே அல்ல. அந்தச் சட்டம் இரண்டையும் ஒரே பட்டியில் அடைத்தது. சுதந்திரம் வந்து நாற்பது வருஷம் கழித்து, 1987-இல் வந்த மனநலச் சட்டம்தான் மனநோய் என்பதில் மனவளர்ச்சிக் குறைவு அடங்காது என்று பிரித்தது. பிரித்தது சரி. பிரிந்து வந்தவர்களுக்கென்று தனிச் சட்டம் ஒன்றும் அப்போது இல்லை.

பெற்றோர் போட்ட பாதை

அந்த வெற்றிடத்தை நிரப்பியவர்கள் பெற்றோர்கள். பம்பாயில் வக்கீல் தம்பதியர் தங்கள் மகளுக்காக 1944-இல் தொடங்கியதுதான் ஜெய் வக்கீல் பள்ளி. மூளை முடக்குவாதத்தோடு பிறந்த மகள் மாலினி சிப்புக்காக மிது அலூர் அதே நகரில் 1972-இல் ஸ்பாஸ்டிக்ஸ் சொசைட்டியைத் தொடங்கினார். அந்த வழியில் 1974-இல் நம் கல்கத்தாவில் சுதா கௌல் முன்னின்று ஒரு மையம் கண்டார். இன்று அது இந்தியன் இன்ஸ்டிடியூட் ஆஃப் செரிப்ரல் பால்ஸி. 1985-இல் சென்னையில் பூனம் நடராஜன் தொடங்கியது இன்றைய வித்யா சாகர். அரசு கண் விழிக்காத காலத்தில் பள்ளிக்கூடம் நடத்தியவர்கள் இவர்கள். அந்த நன்றியை மறந்துவிட்டு இந்த வரலாற்றை எழுத முடியாது.

1995-இல் ஊனமுற்றோர் சட்டம் வந்தது. அது ஏற்றுக்கொண்ட ஏழு வகைகளில் மனவளர்ச்சிக் குறைவும் ஒன்று. ஆனால் அரசு வேலையில் 3 சதவிகித ஒதுக்கீட்டைப் பார்வை, செவி, உடல் இயக்கக் குறைபாடு உள்ளவர்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டு, இவர்களுக்கு ஒன்றும் வைக்கவில்லை. டெல்லித் தெருவில் இறங்கிப் போராடியவர்களுக்குக் கிடைத்தது. இவர்களோ தெருவில் இறங்கியதில்லை. இறங்கலாம் என்று யாரும் சொன்னதுமில்லை.

'எங்கள் காலத்துக்குப் பிறகு இவனை யார் பார்ப்பார்கள்?' என்பது பெற்றோர்களின் தீராக் கவலை. அந்தக் கவலைக்குப் பதிலாக 1999-இல் நேஷனல் டிரஸ்ட் சட்டம் வந்தது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், மனவளர்ச்சிக் குறைவு, பலவகைக் குறைபாடு ஆகிய நான்குக்குமான சட்டம். அதன் நிர்வாகக் குழுவில் தொண்டு நிறுவனங்களுக்கு மூன்று இடம், பெற்றோர் சங்கங்களுக்கு மூன்று இடம், ஊனமுற்றோர் சங்கங்களுக்கு மூன்று இடம். காகிதத்தில் நியாயமான பங்கீடுதான். ஆனால் அந்தக் கடைசி மூன்று இடங்களில் அறிவு வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர் ஒருவராவது இருந்தாக வேண்டும் என்று எங்கும் எழுதவில்லை. மாவட்ட அளவிலான குழுவிலும் அப்படித்தான். மாவட்ட ஆட்சியர் நிலை அதிகாரி ஒருவர், தொண்டு நிறுவனப் பிரதிநிதி ஒருவர், ஊனமுற்றவர் ஒருவர் என்று மூவர். மூன்றாமவர் எந்த வகை ஊனம் உள்ளவராகவும் இருக்கலாம்.

அந்தச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு, பெற்றோரோ உறவினரோ தாம் விரும்பும் ஒருவரைக் காப்பாளராக நியமிக்கும்படி மனுச் செய்யலாம் என்கிறது. காப்பாளர் தேவையா, எதற்குத் தேவை என்று குழு பார்க்க வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. ஆனால் 'விரும்பும் ஒருவர்' யாருடைய விருப்பம்? மனுப் போடுகிறவருடைய விருப்பம். நான் இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. தம்பிக்காக நானே அந்தப் படிவத்தை வாங்கிவந்து பூர்த்தி செய்தவன். பயத்தில் பிறந்த சட்டம் அது. அந்தப் பயம் எனக்கும் உண்டு.

அவர்களே வாய் திறந்தபோது

இதற்கு முப்பது வருஷம் முன்பே வேறு நாடுகளில் வேறு கதை தொடங்கியிருந்தது. ஸ்வீடனில் பெற்றோர் சங்கம் ஒன்றில் பணியாற்றிய பெங்ட் நிர்யே என்பவர், இளைஞர் கழகங்களில் இவர்களுக்குக் கூட்டம் நடத்தும் முறையைப் பாடமாகவே சொல்லிக்கொடுக்க ஏற்பாடு செய்தார். தலைவர் என்ன செய்வார், கையை எப்போது தூக்க வேண்டும், வாக்கெடுப்பு எப்படி என்றெல்லாம். 1970-இல் மால்மோ நகரில் அவர்களுடைய தேசிய மாநாடே நடந்தது. நாட்டின் பல பகுதிகளிலிருந்து சுமார் 50 பிரதிநிதிகள். அவர்கள் கேட்டவை வானத்து நிலா அல்ல. ஊருக்குள் எங்களைப் பெரிய கூட்டமாக ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். வளர்ந்தவர்களைக் குழந்தைகளாக நடத்தாதீர்கள். செய்த வேலைக்குச் சரியான கூலி கொடுங்கள். எங்களைப் பற்றிப் பேசும்போது எங்களையும் கேளுங்கள்.

1974-இல் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் பெரிய காப்பகங்களில் இருந்து வெளிவந்தவர்களும் பிறரும் சேர்ந்து ஒரு மாநாடு கூட்டினார்கள். 500-க்கும் மேற்பட்டோர் வந்தார்கள். எங்களுக்கு ஒட்டிய பெயர் எதுவானாலும் முதலில் நாங்கள் மனிதர்கள் என்ற கருத்தில் 'பீப்பிள் ஃபர்ஸ்ட்' என்று தங்களுக்குத் தாங்களே பெயர் வைத்துக்கொண்டார்கள். இயக்கம் பல நாடுகளுக்குப் பரவியது. 2001-இல் பிரிட்டன் அரசு 'வேல்யூயிங் பீப்பிள்' என்ற கொள்கை அறிக்கையைத் தயாரித்தபோது இவர்களை ஆலோசகர்களாக வைத்துக்கொண்டது. அறிக்கையை எளிய மொழியிலும் படங்களோடு வெளியிட்டது.

ஒரே ஒரு மனிதரின் கதையைச் சொல்ல வேண்டுமென்றால் ராபர்ட் மார்ட்டினைச் சொல்வேன். 1957-இல் நியூசிலாந்தில் பிறந்தவர். பிரசவத்தின்போது மூளையில் காயம். ஒன்றரை வயதில் பெரிய காப்பகம் ஒன்றில் சேர்க்கப்பட்டு, இளமைப் பருவத்தின் பெரும்பகுதியை அப்படிப்பட்ட இடங்களிலேயே கழித்தார். பிறகு வெளியே வந்து, தன்னைப் போன்றவர்களைத் திரட்டினார். ஐக்கிய நாடுகள் சபை மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையை எழுதிக்கொண்டிருந்தபோது அங்கே போய்ப் பேசியவர்களில் அவரும் ஒருவர். எங்களை ஊரோடு வாழ விடுங்கள் என்பது அவர் ஓயாமல் சொன்னது. உடன்படிக்கையின் 19-ஆம் பிரிவு அதைத்தான் சொல்கிறது. 2016-இல் அந்த உடன்படிக்கையைக் கண்காணிக்கும் ஐ.நா. குழுவுக்கே உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அறிவு வளர்ச்சிக் குறைபாடு உள்ள ஒருவர் இத்தகைய ஐ.நா. குழுவில் அமர்ந்தது அதுவே முதல் முறை. 2020-இல் 'சர்' பட்டம். 2024-இல் காலமானார்.

2006 டிசம்பரில் ஐ.நா. ஏற்ற அந்த உடன்படிக்கையின் 4-ஆம் பிரிவில், இவர்களைப் பற்றிய சட்டமோ கொள்கையோ செய்யும் அரசுகள் இவர்களோடு நெருக்கமாகக் கலந்தாலோசித்து, இவர்களைத் தீவிரமாக ஈடுபடுத்த வேண்டும் என்று இருக்கிறது. இந்தியா 2007 மார்ச் 30 அன்று, அதாவது கையெழுத்துக்குத் திறந்த முதல் நாளிலேயே, கையெழுத்திட்டது. அதே ஆண்டு அக்டோபரில் உறுதி செய்தது.

நம் நாட்டில்

கையெழுத்துக்குப் பலன் இருந்ததா? இருந்தது. 2009-இல் சண்டிகர் காப்பகத்தில் இருந்த, அனாதையான, லேசான அறிவு வளர்ச்சிக் குறைபாடுள்ள பெண் ஒருவர் வன்கொடுமைக்கு ஆளாகிக் கருவுற்றார். கருவைக் கலைக்க உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்தப் பெண்ணோ குழந்தை வேண்டும் என்றார். வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போயிற்று. தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன், ஈரோட்டுப் பக்கத்துத் தமிழரான பி. சதாசிவம், பி.எஸ். சௌஹான் அடங்கிய அமர்வு, அவர் சம்மதம் இல்லாமல் கலைக்கக் கூடாது என்றது. சட்டம் மனநோயையும் அறிவு வளர்ச்சிக் குறைவையும் வேறு வேறாகப் பார்க்கிறது, ஆகவே அவருடைய சொல்லை ஒதுக்க முடியாது என்பது தீர்ப்பின் சாரம். ஐ.நா. உடன்படிக்கையையும் நீதிபதிகள் எடுத்துக்காட்டினார்கள்.

கல்கத்தாவாசிகளுக்கு ஜீஜா கோஷைத் தெரிந்திருக்கும். மூளை முடக்குவாதம் உள்ள சமூகப் போராளி. 2012-இல் கோவாவில் ஒரு மாநாட்டுக்குப் போக விமானத்தில் ஏறி உட்கார்ந்தவரை இறக்கிவிட்டார்கள். அவர் விடவில்லை. 2016 மே மாதம் உச்ச நீதிமன்றம் அவருக்குப் 10 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கச் சொன்னது. இரக்கம் காட்டுவதாக நினைத்துக்கொள்ளும் சமூகம், இவர்கள் கேட்பது கண்ணியம் என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும் என்ற பொருளில் அந்தத் தீர்ப்பு அமைந்தது.

2010-இல் புதிய சட்டத்துக்கு வரைவு எழுத மத்திய அரசு அமைத்த குழுவுக்குத் தலைவர், மேலே சொன்ன நம் ஊர் சுதா கௌல். 2011-இல் குழு அறிக்கை தந்தது. ஐந்தாண்டு இழுபறிக்குப் பிறகு 2016 டிசம்பரில் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் நிறைவேறியது. ஏழு வகை இருபத்தொன்று ஆயிற்று. ஆட்டிசத்துக்கும் அறிவுசார் குறைபாட்டுக்கும் முதல் முறையாக வேலை ஒதுக்கீட்டில் பங்கு கிடைத்தது. எல்லோரையும் போல் இவர்களுக்கும் சட்டப்படி முடிவெடுக்கும் தகுதி உண்டு என்றது 13-ஆம் பிரிவு. காப்பாளர் தேவைப்பட்டாலும் குறிப்பிட்ட காரியத்துக்கு, குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும், இருவரும் கலந்து முடிவெடுக்க வேண்டும் என்றது 14-ஆம் பிரிவு. பழைய 1999-ஆம் ஆண்டுச் சட்டமும் பக்கத்திலேயே தொடர்கிறது. எந்த வீட்டில் எந்தச் சட்டத்தின் மனப்பான்மை நடக்கிறது என்பது அந்தந்த வீட்டைப் பொறுத்தது.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஜீஜா கோஷும் மாலினி சிப்பும் படித்தவர்கள், எழுதுகிறவர்கள். உடல் இயக்கத்திலும் பேச்சிலும்தான் அவர்களுக்குத் தடை. என் தம்பியைப் போன்றவர்களின் நிலை வேறு. 2011 கணக்கெடுப்பில் மனவளர்ச்சிக் குறைவு உள்ளவர்களாகப் பதிவானவர்கள் 15 லட்சத்துக்கும் சற்று அதிகம். கொள்கைக் குழுக்களில் ஊனமுற்றோர் இடம் என்று ஒன்று வந்தாலும், கோப்பைப் படித்து, இங்கிலீஷில் பேசத் தெரிந்தவர்களுக்கே அது போய்ச் சேர்கிறது. 'பரிவார்' என்ற பெற்றோர் கூட்டமைப்பின் ஆதரவில் இவர்களுக்கென்றே 'செல்ஃப் அட்வகேட்ஸ் ஃபோரம் ஆஃப் இந்தியா' என்று ஒரு மன்றம் உருவாகியிருப்பது நல்ல தொடக்கம்.

'இவங்களுக்கு என்ன தெரியும்?'

இந்தக் கேள்வியை நான் கேட்டிருக்கிறேன், நீங்களும் கேட்டிருப்பீர்கள். இதற்குப் பதில் நம் தேர்தல் வரலாற்றிலேயே இருக்கிறது.

1951 கணக்கெடுப்பில் இந்தியாவின் எழுத்தறிவு 18 சதவிகிதத்துக்குச் சற்றே மேல். முதல் பொதுத்தேர்தலில் வாக்காளர்களோ சுமார் 17 கோடி. படிக்காதவர்களுக்கு ஓட்டு எதற்கு என்று அன்றும் சிலர் கேட்டார்கள். படித்தவர் படிக்காதவருக்காகச் சேர்த்து ஓட்டுப் போடட்டும் என்று நாடு முடிவு செய்யவில்லை. சின்னம் கொடுத்தது. ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனிப் பெட்டி, பெட்டியின் மேல் சின்னம். குறையைச் சீட்டில் கண்டு சீட்டை மாற்றினார்கள், ஆளைத் தள்ளிவைக்கவில்லை. மேல்நாட்டில் எளிய மொழி, படம் போட்ட அறிக்கை, பக்கத்தில் இருந்து விளக்க ஒரு துணை, கூட்டத்துக்கு முன்கூட்டியே தாள், பதில் சொல்ல அவகாசம் என்று செய்வதெல்லாம் இதே வேலைதான்.

2010-இல் தம்பிக்கு வாக்காளர் அட்டைக்கு எழுதிக் கொடுத்தேன். சரிபார்க்க வந்தவர், "இவருக்கு எதுக்கு சார்?" என்றார். 1950-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 16-ஆம் பிரிவைக் காட்டினேன். தகுதியுள்ள நீதிமன்றம் ஒருவரைச் சித்த சுவாதீனம் இல்லாதவர் என்று அறிவித்திருந்தால்தான் பெயரைச் சேர்க்கக் கூடாது. வாசலில் நின்று பார்த்து முடிவு கட்டும் விஷயம் அல்ல. அட்டை வந்தது. 2011 சட்டமன்றத் தேர்தலுக்கு முன் ஒரு தாளில் சின்னங்களை ஒட்டி, மெஷின் எப்படி என்று வீட்டிலேயே காட்டினேன். தம்பி தனியாக உள்ளே போய் ஓட்டுப் போட்டுவிட்டு வந்தான். வரும் வழியில் நான் வாய் சும்மா இராமல், "எதுல போட்டே?" என்று கேட்டேன். "அண்ணா, சொல்லக் கூடாது" என்றான்.

இனி

2025 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம், ஊராட்சி முதல் நகராட்சி வரை உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினர்களாக்கச் சட்டத் திருத்தம் நிறைவேற்றியது. நமக்கெல்லாம் பெருமைதான். அந்த இடங்களில் அறிவுசார் குறைபாடு உள்ள ஒருவரும் உட்காருவாரா? தெருவிளக்கு எரியாவிட்டால் யாருக்குச் சிரமம், பஸ் நிற்காவிட்டால் யார் வீட்டிலேயே முடங்குகிறார் என்று அவரால் சொல்ல முடியும். கேட்கிறவருக்குத்தான் கொஞ்சம் பொறுமை வேண்டும்.

எனக்கு எழுபது தாண்டிவிட்டது. தம்பிக்கு அறுபது ஆயிற்று. பழைய வீட்டின் மாடிப்படி எங்கள் எல்லோருக்கும் கஷ்டமாகிவிட்டது. போன ஆண்டு வேறு வீடு பார்க்கலாமா என்று பேச்சு வந்தபோது, முதலில் அவனைத்தான் கேட்டோம். பதில் வர இரண்டு நாள் ஆயிற்று. "பால் பூத் பக்கத்துல" என்றான். அப்படியே பார்த்தோம். நான்கு தெரு தள்ளிக் கீழ்த்தளத்தில் ஒரு வீடு கிடைத்தது.

நம் சங்கத்துக் குடும்பங்கள் சிலவற்றிலும் இப்படிப்பட்ட பிள்ளைகள், பெரியவர்கள் இருக்கிறார்கள். விழாவுக்கு அழைத்து வருகிறோம். கடைசி வரிசையில் உட்காரவைத்து, சுண்டல் பொட்டலம் கொடுத்து, சீக்கிரம் கூட்டிப் போய்விடுகிறோம். அடுத்த பொதுக்குழுவில் ஆண்டு நிகழ்ச்சிகளைத் திட்டமிடும்போது அவர்களையும் அழைத்து, என்ன வேண்டும் என்று அவர்களையே கேட்கும்படி நிர்வாகக் குழுவை இந்த மலரின் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். தம்பியிடம் இதைச் சொல்லிவிட்டேன். வருகிறானாம்.